சேறும் மணலும்: ஓர் அடுப்பின் வரலாறு

வரலாறு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை அரசர்களும் போர்க்களங்களும் உடன்படிக்கைகளுமேயாம். அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டென்று எவரேனும் கூறின் நம்மவரிற் பலர் நகைப்பர். ஆயினும், ஆட்சி யாருடையதாயினும், நாடோறும் தவறாது மூட்டப்படுவது அடுப்பே. அதன் முன் அமர்ந்திருப்பவள் பெண். அவள் கண்ணில் நீர் வழிவதைத் தலைமுறை தலைமுறையாக நாம் பார்த்து வந்திருக்கிறோம், "புகைதானே!" என்று சொல்லிவிட்டு இலையின் முன் உட்கார்ந்து விடுகிறோம்.

அந்தப் புகை அற்பமான விஷயமன்று. இன்றைக்கும் உலகில் ஏறத்தாழ 210 கோடி ஜனங்கள் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் முதலியவற்றைப் புகை கக்கும் அடுப்புகளில் எரித்தே உண்கின்றனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ம் ஆண்டில் மாத்திரம் வீட்டுக்குள் எழும் இப்புகையின் காரணமாக மாண்டோர் 32 லட்சம் பேர். அவருள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். கொள்ளைநோய் ஒன்று ஆண்டுதோறும் இத்தனை உயிர்களைக் கொள்ளுமாயின் உலகம் அலறும். இதுவோ அடுக்களையில் நிகழ்கிறது. ஆகையால் ஒருவர் செவிக்கும் எட்டுவதில்லை.

நம் இளைஞர் சிலர் விடுமுறைக் காலத்தில் அயல்நாடுகளுக்குச் சென்று, ஏழைக் குடும்பங்களுக்குப் புகை குறைந்த அடுப்புகளைக் கட்டித் தரலாமென்று விரும்புகின்றனர். இவ்விருப்பம் போற்றற்குரியது. எனினும் புறப்படுமுன் அவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. அது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா என்னும் சிறு தேசத்தின் கதை. அயல்நாட்டுத் தொண்டர்கள் அடுப்புக் கட்டச் சென்ற இடங்களுள் அது பெயர் பெற்றது. அவர்கள் செய்த பெரும் பிழைக்கும், அதைத் திருத்திக்கொண்ட நேர்மைக்கும் அதுவே சாட்சி.

மூன்று கல்

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் வாழ்வோர் மாயா இனத்தார். மக்காச்சோளமே அவர்களுக்கு உயிர். சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் நெடுநேரம் வேகவைத்து, அரைத்து, வட்டமாகத் தட்டி, தோசைக்கல்லைப் போன்ற 'கொமால்' என்னும் தட்டில் சுட்டெடுக்கும் 'தோர்த்தியா' என்ற அடையே அவர்களுடைய அன்றாட உணவு. இதற்கு நெருப்பு நெடுநேரம் எரிய வேண்டும். மலைக்குளிரில் உடலைக் காப்பதும் அந்நெருப்பே. ஆதலின் அடுப்பு அணைவது அரிது. சாளரமில்லாத சிறு குடிலில் புகை கலைவதும் அரிது. கைக்குழந்தையை முதுகிற் கட்டிக்கொண்டே தாய் அடுப்பருகில் நிற்கிறாள். பிறந்த சில நாட்களிலேயே சிசுவும் அப்புகையைச் சுவாசிக்கத் தொடங்குகிறது.

அந்த அடுப்புக்குத் தேவையானவை மூன்று கற்களே. முக்கோணமாக வைத்து, இடையில் விறகைச் செருகி, மேலே பானையை ஏற்றினால் முடிந்தது. மாயா மக்களின் மனத்தில் அம்மூன்று கற்களுக்கு உயர்ந்த இடம் உண்டு. கிரிகுவா என்னும் பழம்பதியில் நிற்கும் 8-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, உலகப் படைப்பின்போது மூன்று கற்கள் நாட்டப்பட்டதைச் சொல்லுகிறது. வெளியிலிருந்து வருவோர் வெறும் கற்களெனக் கண்டவை, உள்ளிருப்போருக்கு உலகத்தின் தொடக்கமாம். சீர்திருத்தஞ் செய்யப் புகுவோர் இதனை மறத்தலாகாது.

அம்மக்கள் மலைச்சரிவுகளில் நெருக்குண்டு, விறகுக்கு அலைய நேர்ந்ததற்குத் தலைவிதி காரணமன்று, சட்டமே காரணம். 1870-களில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது ஊர்ப் பொதுநிலங்கள் பல தனியார் கைக்கு மாறின. 1877-ம் ஆண்டுச் சட்டம், மாயாக் குடியானவரைத் தோட்ட வேலைக்குக் கட்டாயமாக அனுப்ப வழிவகுத்தது. கடனைக் காட்டித் தொழிலாளரைப் பிணைக்கும் முறை 1934-ல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் இடத்தில் 'வேலையின்றித் திரிவோர்' என்று பெயர் சூட்டிப் பிடித்து உழைக்கச் செய்யும் சட்டம் வந்து, 1945-ல்தான் ஒழிந்தது. 1952-ல் அதிபர் ஆர்பென்ஸ் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொணர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1954-ல், அமெரிக்க உளவுத்துறை தூண்டி நடத்திய கவிழ்ப்பில் அவர் ஆட்சி இழந்தார். பகிர்ந்தளிக்கப்பட்ட நிலங்களிற் பெரும்பாலன திரும்பப் பறிக்கப்பட்டன. தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் எமக்கு இக்கதையில் அந்நியமாகத் தோன்றுவது ஒன்றுமில்லை. அடுப்பின் புகையை ஆராயப் புகுவோன் சற்றுத் தூரம் நடந்தால் நிலத்தின் எல்லைக்கல்லில் வந்து முட்டிக்கொள்வான்.

நிலநடுக்கமும் தொண்டர்களும்

1976-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 4-ந் தேதி, விடியற்காலை மூன்று மணியளவில், குவாத்தமாலாவின் நிலம் அதிர்ந்தது. வேகாத மண்கற்களாலான வீடுகள் உறங்குவோர் மீது சரிந்தன. ஏறத்தாழ 23,000 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். உலகின் பல திசைகளிலிருந்தும் உதவி வந்தது, தொண்டர்களும் வந்தனர். வீடுகளை மறுபடி கட்டத் தொடங்கியபோது, வீட்டின் நடுவில் இருந்த அடுப்பும் கண்ணிற் பட்டது.

கெட்சால்டெனாங்கோ நகருக்கு அருகில் சோக்கி என்னும் இடத்தில் ஒரு சோதனை நிலையம் இருந்தது. அங்கே, வேல்ஸ் நாட்டவரும் கட்டடக் கலைஞருமான யான்டோ எவன்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து புதுவகை அடுப்பொன்றை உருவாக்கினர். அதன் பெயர் 'லொரேனா'. கேட்பதற்கு ஒரு பெண்ணின் பெயர் போலிருக்கும். உண்மையில் அது ஸ்பானிய மொழியில் சேற்றைக் குறிக்கும் 'லோதோ', மணலைக் குறிக்கும் 'அரேனா' ஆகிய இரண்டு சொற்களின் சேர்க்கை.

அதைக் கட்டும் முறை எளிது. களிமண்ணையும் மணலையும் தக்க அளவிற் கலந்து மிதித்து, இடுப்பளவு உயரத்துக்குப் பெரியதொரு கட்டியாக எழுப்புவர். சற்று இறுகியதும் கரண்டியாலும் கத்தியாலும் உள்ளே குடைந்து, விறகு செருகும் வாயையும், தீ ஓடும் சுரங்க வழியையும், பானைகள் அமரும் குழிகளையும் செதுக்குவர். கடைசியில் புகைபோக்கி. விலை கொடுத்து வாங்க வேண்டியது புகைக் குழாயும் சிறு தகடுகளுமே. மற்றதெல்லாம் காலடி மண். பெண்கள் குனிந்து கிடந்த நிலை மாறி நின்று சமைக்கலாம்; புகை கூரைக்கு மேலே போய்விடும். இவற்றோடு இன்னொரு வாக்குறுதியும் சேர்ந்தது: விறகுச் செலவு பாதியாகக் குறையும் என்பதே அது.

அக்காலம் அவ்வாக்குறுதிக்கு ஏற்றதாயிருந்தது. 1973-ல் எண்ணெய் விலை ஏறியதிலிருந்து, ஏழைகளின் எண்ணெயாகிய விறகும் தீர்ந்துபோகும், காடுகள் அழிந்துபோகும் என்ற அச்சம் உலகெங்கும் பரவியிருந்தது. லொரேனா அதற்குக் கண்கண்ட மருந்தெனக் கொள்ளப்பட்டது. அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். கைந்நூல்கள் அச்சாயின. அது கடல் கடந்து ஜாவாவுக்கும் போயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டார் தம் உலோப் மொழியில் 'பான் அக் சூப்' என்று அதன் வழித்தோன்றலுக்குப் பெயரிட்டனர். அதற்கும் களிமண்ணும் மணலும் என்பதே பொருள்.

இந்தியாவில் இம்முயற்சி இதற்கும் முந்தியது. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ். பி. ராஜு, புகையில்லா அடுக்களை பற்றிய தம் சிறு நூலை 1953-லேயே வெளியிட்டிருந்தார். ஆகவே ஏழையின் அடுப்பைப் பற்றி முதன்முதல் சிந்தித்தவர் வெள்ளையரே என்று எவரும் எண்ண வேண்டுவதில்லை.

தராசின் தீர்ப்பு

நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டவல்லது தராசு ஒன்றே. 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர் பலர் அடுப்புகளைத் தராசில் ஏற்றத் தொடங்கினர். சோதனை கடினமானதன்று. குறித்த அளவு நீரைக் கொதிக்க வைத்து, அதற்குச் செலவான விறகை நிறுத்துப் பார்ப்பதே. ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நகரில் கிருஷ்ண பிரசாத் என்ற இந்திய அறிஞரைத் தலைவராகக் கொண்ட குழுவினரும் இவ்வாராய்ச்சியில் முன்னின்றனர்.

முடிவு யாவரையும் திடுக்கிடச் செய்தது. மூன்று கல் அடுப்பு விறகின் வெப்பத்தில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கையே பானைக்குத் தருகிறது என்று அதுவரை எண்ணியிருந்தனர். காற்று வீசாத இடத்தில், கைதேர்ந்த பெண் பார்த்துப் பார்த்து எரித்தால், அதே அடுப்பு 15 பங்குக்கு மேலும் தருமென்று தெரிந்தது. மறுபுறம், புகழ்பெற்ற லொரேனாவோ பல சோதனைகளில் மூன்று கல்லை வெல்லவில்லை. சிலவற்றில் அதைவிட மிகுதியாகவே விறகைத் தின்றது.

காரணம் என்ன? கனத்த மண் வெப்பத்தைக் காக்கும் என்று அதைக் கட்டியவர்கள் நம்பினர். மண்ணோ வெப்பத்தைக் குடித்தது! நூற்றுக்கணக்கான இராத்தல் எடையுள்ள மண்கட்டி முதலில் தான் சூடேறிய பின்னரே பானையைச் சூடேற விடும். குளிர்காலத்தில் கம்பளி உடலின் சூட்டைக் காக்கிறது. கருங்கல்லை அணைத்துக்கொண்டால் அது நம் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கம்பளிக்கும் கல்லுக்குமுள்ள இவ்வேற்றுமையை அவர்கள் அடுப்பில் மறந்துவிட்டனர். அஃதன்றி, குழிகள் நாளடைவில் தேய்ந்து பெரிதாயின, பானைகள் பொருந்தாது போயின, மண் வெடித்தது, காற்றைக் கட்டுப்படுத்தும் தகடுகளைப் பலர் பயன்படுத்தவேயில்லை.

இங்கேதான் இவ்வரலாற்றின் நெஞ்சம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வீடுகளில் கட்டப்பட்டு, நூல்களிற் புகழப்பட்டு, பல தேசங்களுக்குப் பரவிவிட்ட ஒன்றைத் தவறென்று ஒப்புக்கொள்ளுதல் எளிதன்று. நன்கொடை தருவோர் முகஞ்சுளிப்பர். உழைத்த தொண்டர் மனமுடைவர். ஆயினும், லொரேனாவைப் பரப்பியவர்கள் 1976-ல் தோற்றுவித்த 'அப்ரோவெச்சோ' என்ற சங்கத்தாரே அதன் குறையை வெளிப்படையாகச் சொல்லலாயினர். மாற்று வழியையும் தேடினர். அமெரிக்காவின் ஓரிகன் மாகாணத்திலிருந்த அவர்களுடைய நிலையத்தில் லாரி வினியார்ஸ்கி என்ற பொறியாளர் 1980-களில் 'ராக்கெட் அடுப்பு' என்பதன் விதிகளை வகுத்தார்.

அவ்விதிகளின் சாரம் இது: விறகின் நுனி மாத்திரம் எரிய வேண்டும், எரியும் இடம் சிறிதாகவும் முழங்கை போல் வளைந்தும் இருக்க வேண்டும், அதைச் சுற்றிக் கனமான மண் கூடாது, சாம்பலோ நுரைக்கல்லோ போன்ற இலேசான பொருளே வேண்டும், அவ்விடத்திலேயே புகை நன்றாக எரிந்துபோக வேண்டும், வெந்தணல் காற்று பானையின் அடியையும் பக்கத்தையும் உரசிச் செல்லும்படி இடைவெளி குறுகியிருக்க வேண்டும். புகை என்பது எரியாது வீணான விறகேயாம். அதை முற்றும் எரித்துவிட்டால் விறகும் மிச்சம், கண்ணும் மிச்சம்.

கணக்கு எழுதிப் பிழைக்கும் எமக்கு இதில் ஒரு பாடம் தோன்றுகிறது. செம்பனைக் குலையை நிறுக்காமலே பேரேட்டில் ஏற்றும் கிராணி ஒரு மாதங்கூட வேலையில் நிலைக்க மாட்டான். கூலிக் கணக்கில் இத்தனை கண்டிப்புக் காட்டும் உலகம், தர்மக் கணக்கில் மாத்திரம் கண்ணை மூடிக்கொள்வதேன்? கொடுத்தவன் மனம் குளிர்ந்தது என்பதைப் பயனாக எழுதிவிட முடியுமா?

போரும் புயலும்

இடையில் குவாத்தமாலா இரத்தத்தில் மூழ்கியது. 1960-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1996-ல்தான் முடிந்தது. அதன் கொடுமை 1981 முதல் 1983 வரை உச்சத்தை எட்டியது. மலைநாட்டு மாயா ஊர்கள் நூற்றுக்கணக்கில் அழிக்கப்பட்டன. 1999-ல் உண்மை அறியும் குழு தன் அறிக்கையை வெளியிட்டபோது, மாண்டோரும் காணாமற் போனோரும் 2,00,000-க்கு மேல் என்றும், அடையாளம் தெரிந்தவருள் நூற்றுக்கு 83 பேர் மாயா இனத்தார் என்றும், கொடுமைகளிற் பெரும்பாலனவற்றை இழைத்தது அரசாங்கப் படையே என்றும் கூறிற்று. அடுப்போடு வீட்டையும் கொளுத்தும் ஆட்சியின் கீழ், புகையைக் குறைக்கும் தொண்டு எவ்வளவு சிறியதென்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறியதாயினும் அது தேவையற்றதன்று. ஆனால் அதை மாத்திரமே செய்துவிட்டு, மற்றதைப் பற்றி வாய்திறவாதிருப்பது அறமாகாது.

1998-ம் ஆண்டின் இறுதியில் 'மிச்' என்னும் புயல் அண்டை நாடாகிய ஹொண்டுராசைச் சூறையாடியது. அங்கே சென்ற தொண்டர்கள் வினியார்ஸ்கியின் விதிகளை எடுத்துச் சென்றனர்; ஆனால் இம்முறை அடுப்பை மேலிருந்து இறக்கவில்லை. சமைக்கும் பெண்களோடு அமர்ந்து, அவர்கள் குறை சொல்லச் சொல்ல மாற்றினர். உள்ளே முழங்கை வடிவ எரிவாய், மேலே தோர்த்தியா சுடுவதற்கேற்ற தட்டையான இரும்புத் தகடு, பின்னே புகைபோக்கி. அதைச் சீர்செய்ய உதவிய ஹுஸ்தா என்னும் உள்ளூர்ப் பெண்மணியின் பெயரே அவ்வடுப்புக்குச் சூட்டப்பட்டது. முதல் அடுப்பு சேற்றின் பெயரையும் மணலின் பெயரையும் தாங்கிற்று. இவ்வடுப்போ சமைப்பவளின் பெயரைத் தாங்கிற்று. இருபது ஆண்டுகளில் தொண்டர் உலகம் கற்றுக்கொண்டதை இவ்விரு பெயர்களே காட்டுகின்றன.

குவாத்தமாலாவிலும் இதைப் போன்ற அடுப்புகள் வந்தன. டான் ஓ'நீல் என்ற அமெரிக்கப் பொறியாளர் அங்கே தொண்டராகச் சென்று அமைத்த அடுப்பு, அவர் பெயர் ஸ்பானிய நாவில் ஒலிக்கும் விதத்திலேயே 'ஓனில்' எனப்பட்டது. அந்நாட்டின் எரிமலைகள் கக்கிய நுரைக்கல்லே அதில் வெப்பத்தைக் காக்கும் கம்பளியாயிற்று. அதன் பாகங்களை உள்நாட்டிலேயே செய்து பெருந்தொகையாக வீடுகளுக்கு அளிக்கலாயினர். வெளிநாட்டுத் தொண்டர் கூட்டங்கள் ஆண்டுதோறும் வந்து வீடு வீடாக அவற்றைப் பொருத்தும் வழக்கமும் தோன்றிற்று.

மருத்துவரின் தராசு

விறகை நிறுத்தாயிற்று, நோயை நிறுப்பது எப்படி? இவ்வினாவைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கெர்க் ஸ்மித். 1981-ல் குஜராத் கிராமங்களில் இந்திய அறிஞர்களோடு சேர்ந்து, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை முதன்முதலாக அளந்தவர்களுள் இவரும் ஒருவர். 2020-ல் இறக்கும் வரை இத்துறையை விட்டு அவர் விலகவில்லை.

2002 முதல் 2004 வரை குவாத்தமாலாவின் சான் மார்க்கோஸ் மலைப்பகுதியில் 534 குடும்பங்களைக் கொண்டு அவரும் தோழரும் ஒரு சோதனை நடத்தினர. சீட்டுக் குலுக்குவது போல் பிரித்து, ஒரு பாதிக் குடும்பங்களுக்குப் புகைபோக்கி அடுப்பை முதலிலேயே கொடுத்தனர். மறு பாதிக்குச் சோதனை முடிந்தபின் கொடுத்தனர். 2011-ல் முடிவு வெளியாயிற்று. குழந்தைகள் சுவாசித்த புகை சுமார் பாதியாகக் குறைந்தது. கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கடுமையானதும் இலேசானதுமாகிய எல்லா நிமோனியாவையும் சேர்த்துப் பார்த்தபோது, குறைவு உறுதியென்று சொல்லத்தக்க அளவில் இல்லை. தாய்மாருக்கோ கண்ணெரிச்சலும் தலைநோவும் தெளிவாகவே குறைந்தன.

இதற்குப் பின் நடந்தவை இன்னும் கசப்பானவை. இந்தியாவின் ஒரிசாவில் (இப்போது ஒடிசா) நடத்தப்பட்டு 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், மண்ணாலான புகைபோக்கி அடுப்புகள் முதலாண்டில் புகையைக் குறைத்தன. அதன்பின் பயன் மறைந்தது. அடுப்புகள் உடைந்தன, செப்பனிடுவாரில்லை, பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினர். ஆப்பிரிக்காவின் மலாவியில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு நடந்து, 2017-ல் வெளியான சோதனையில், புதிய அடுப்பு பெற்ற வீடுகளுக்கும் பெறாத வீடுகளுக்கும் நிமோனியாவில் வேற்றுமையே காணப்படவில்லை.

பின்னர், விறகை விட்டு எரிவாயுவுக்கே மாற்றிப் பார்த்தால் என்னவென்று 2018-ல் நான்கு நாடுகளில் ஒரே சமயத்தில் சோதனை தொடங்கிற்று. அவை குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. இந்தியாவில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்கள் தமிழ்நாட்டின் விழுப்புரமும் நாகப்பட்டினமும் என்பதைப் படித்தபோது எம் நெஞ்சம் நெகிழ்ந்தது. மாயாத் தாயும் தமிழ்த் தாயும் ஒரே பேரேட்டில்! ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டனர்; பாதிப் பேருக்கு 18 மாதங்கள் எரிவாயு இலவசமாகத் தரப்பட்டது. விறகில் சமைத்தோர் கர்ப்பகாலத்தில் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம், எரிவாயு பெற்றோருக்கு 23.9. அடுக்களையின் காற்று இத்தனை தூய்மையானபோதிலும், பிறந்த குழந்தையின் எடையிலோ, பின்னர் வந்த கடும் நிமோனியாவிலோ எதிர்பார்த்த நன்மை தெரியவில்லை. அறிஞர்கள் இன்றும் காரணம் தேடுகின்றனர். ஒரு வீட்டின் அடுப்பு மாறினாலும் அடுத்த வீட்டின் புகை சுவர் தாண்டி வருகிறது என்பதும், சில மாதப் பாதுகாப்பு போதாது என்பதும் அவர்கள் ஆராயும் காரணங்களுட் சில.

இவற்றைக் கண்டு, "பார்த்தீர்களா? பழைய அடுப்பே போதும்!" என்று கைகொட்டுவோர் உளர். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். உம் வீட்டு எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு மூன்று கல்லை வைக்க உடன்படுவீரா? குழந்தையின் எடை கூடிற்று என்று நிரூபித்தால்தான் ஒரு பெண்ணின் கண்ணெரிச்சல் கணக்கில் சேருமா? அவள் இருமலுக்கும், தீப்புண்ணுக்கும், விறகு சுமந்து கூனிய முதுகுக்கும் தனியே மதிப்பில்லையா? குழந்தைக்கு நன்மை என்று சொல்லித்தான் தாய்க்கு நீதி கேட்க வேண்டியிருக்கிறது என்றால், அது நம் காலத்துக்கு இழுக்கு.

நமது கடன்

எம் பாட்டியார் தோட்டத்து லயத்தில் வாழ்நாளெல்லாம் பால்மரக் கட்டையை எரித்துச் சமைத்தவர். மழைநாளில் நனைந்த கட்டை புகையும்போது ஊதுகுழலை வைத்து ஊதி ஊதி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அக்கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன. பள்ளியில் ஆங்கிலத்தில் உலக வரலாறெல்லாம் படித்த நாம், அக்கண்கள் ஏன் சிவந்தன என்று அவரை ஒருநாளும் கேட்டதில்லை. குவாத்தமாலாத் தாய்மாரின் கண்ணெரிச்சல் குறைந்தது என்ற ஒரு வரியைப் படித்த அன்றுதான் அது எமக்கு உறைத்தது. அதற்குள் அவர் இல்லை.

ஆகவே, அடுப்புக் கட்ட அயல்நாடு செல்ல விரும்பும் இளைஞர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. செல்லுங்கள், தடையில்லை. ஆனால் கட்டுவதற்கு முன் கேளுங்கள். அவள் என்ன சமைக்கிறாள், எத்தனை நேரம் சமைக்கிறாள், குளிருக்கு நெருப்பு வேண்டுமா, பழைய அடுப்பில் அவள் விரும்புவது எது என்று கேட்டறியுங்கள். குவாத்தமாலாத் தொண்டர்கள் இக்கேள்விகளுக்கு விடை காண ஆண்டுகள் பல ஆயின. நீங்கள் அவர்கள் பிழையிலிருந்து கற்கலாம்.

உங்கள் கையால் கட்டினோம் என்ற பெருமையைவிட, உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கற்றுக்கொண்டார் என்பது பெரிது. நீங்கள் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவீர்கள். புகைபோக்கி அடைத்துக்கொள்ளும் நாளில் அங்கே இருப்பவர் அவரே. உங்களில் ஒருவரின் விமானச் சீட்டுப் பணத்தைக் கொண்டு அவ்வூரிலேயே சில அடுப்புகளைக் கட்டிவிடலாம் என்பதையும் மனத்திற்கொண்டு, நீங்கள் நேரிற் போவதால் கூடுதலாக விளையும் நன்மை என்ன என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை இருப்பின் போங்கள். இல்லையெனில் அப்பணத்தை அனுப்புங்கள். ஓராண்டு கழித்து யாரேனும் ஒருவர் அங்கே சென்று, எத்தனை அடுப்பு எரிகிறது, எத்தனை அடுப்பின் மேல் சாக்கு மூட்டை உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணி வந்து, அதை ஒளிக்காமல் சங்கக் கூட்டத்தில் படியுங்கள். தோல்வியை அச்சிட்ட தொண்டர்களால்தான் அடுத்த அடுப்பு பிறந்தது.

நம்முள் உள்ள ஆண்மக்களுக்கும் ஒரு சொல். சாதியை ஒழிப்போம், மூடப் பழக்கத்தை ஒழிப்போம் என்று மேடையேறி முழங்கிய நாம், மேடையிலிருந்து இறங்கிச் சாப்பிடப் போன வீட்டின் அடுக்களைக்குள் எத்தனை முறை நுழைந்திருக்கிறோம்? அடுப்பு பெண்ணின் வேலை, புகை பெண்ணின் தலையெழுத்து என்ற எண்ணமும் ஒரு மூடப் பழக்கமே. ஒடிசாவில் அடுப்புகள் செப்பனிடப்படாது கிடந்ததற்கு மண் மட்டுமே காரணமாயிராது. வீட்டில் செலவழிக்கும் அதிகாரம் ஒருவர் கையிலும், புகையைச் சுவாசிக்கும் மூக்கு வேறொருவரிடத்திலும் இருக்கும் வரை எந்த அடுப்புக்கும் இக்கதி நேரக்கூடும்.

மேல்நாட்டுத் தொண்டர் சிலர் ஒரு நிலநடுக்கத்தின் பின் சேற்றையும் மணலையும் குழைத்தனர். அவர்கள் கட்டியது சரியான அடுப்பன்று. ஆயினும் அடுக்களையை உலகத்தின் கேள்வியாக்கினர். பிறகு தம் விடை தவறென்று தாமே கூறினர். அந்த இரண்டாவது செயல் முதலாவதைவிட அரியது. நம் சங்கங்களில் எத்தனை பேருக்கு அது கைவரும் என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டபின், இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், முதலில் அடுக்களைக்குள் நுழைந்து அங்கே நிற்பவரின் முகத்தைச் சற்று நேரம் பார்க்கும்படி வாசகர்களை வேண்டிக்கொள்கிறோம்.